ஏமாற்றமும் ஒரு வாசிப்பே: ‘கொலையுதிர் கால’மும் எல்லைப்புற வாசகரும்

(சுஜாதாவின் ‘கொலையுதிர் காலம்’ நாவலை இன்னும் படிக்காதவர்கள் கவனத்துக்கு: இங்கே அதன் முடிவு பேசப்படுகிறது.)

சுஜாதாவின் நெடுங்கால வாசகர்களிடம் அவருடைய மர்ம நாவல்களுள் மனத்தை விட்டு நீங்காதது எது என்று கேட்டால், பலரும் தயங்காமல் சொல்லும் பெயர் ‘கொலையுதிர் காலம்’. எந்த நாவலின் முடிவு மனத்தில் முள்ளாகத் தைத்தது என்று கேட்டாலும் அவர்களுள் பலர் சொல்லும் பெயர் அதுவே. 1980-களின் தொடக்கத்தில் குமுதம் இதழில் தொடராக வந்து, பின் நூலாகிப் பல பதிப்புகள் கண்ட இந்நாவல் நாற்பதாண்டுகளாக இவ்விரு பெயர்களையும் ஒருங்கே சுமந்து வருகிறது. விரும்பிப் படித்தவரே ஏமாந்தவராகவும் இருக்கிறார். அந்த ஏமாற்றத்தைத் தமிழ்த் திறனாய்வு பொருட்படுத்தியதில்லை. வாசகரின் அறியாமை என்றோ, வணிக எழுத்திடம் அளவுக்கு மிஞ்சி எதிர்பார்த்ததன் விளைவு என்றோ அது ஒதுக்கப்பட்டது. அவ்வாறு ஒதுக்குவது பிழை. ஒரு மர்ம நாவலைப் பற்றிச் சொல்லத்தக்க மிகக் கூர்மையான திறனாய்வு அந்த ஏமாற்றத்துக்குள்தான் இருக்கிறது.

இந்த ஏமாற்றம் கேரளத்தின் எல்லைப்புறங்களில் சற்றுக் கூடுதலான கனத்துடன் வந்து சேர்ந்தது. பாலக்காடு மாவட்டத்தின் சித்தூர் வட்டத்தில் கொழிஞ்சாம்பாறை, வடகரப்பதி, எருத்தேன்பதி, ஒழலப்பதி, வேலந்தாவளம், மீனாட்சிபுரம் என நீளும் ஊர்களிலும், இடுக்கி மாவட்டத்தின் தேவிகுளம், பீர்மேடு, உடும்பன்சோலை வட்டங்களிலும் தலைமுறைகளாகத் தமிழர் வாழ்கின்றனர். 1956 நவம்பர் 1-ஆம் நாள் மொழிவழி மாநிலங்கள் அமைந்தபோது இப்பகுதிகள் கேரளத்தோடு அமைந்தன. அதன்பின் அரசு அலுவலகத்தின் மொழி மலையாளம். வீட்டின் மொழி தமிழ். தமிழ்ச் சிறுபான்மையினர் தம் மொழியிலேயே அரசோடு கடிதத் தொடர்பு கொள்ள 1969-ஆம் ஆண்டின் கேரள ஆட்சிமொழிச் சட்டம் இடமளிக்கிறது. சட்டம் தமிழில் மனு எழுதும் உரிமையைத் தரலாம். தமிழில் விரும்பிப் படிக்கும் பழக்கத்தைத் தர அதனால் இயலாது. அப்பழக்கம் வேறு வழியாக வந்தது.

அது பேருந்து வழியாக வந்தது. பொள்ளாச்சிச் சந்தைக்குப் போனவர், உடுமலைப்பேட்டையிலிருந்து சின்னாறு வழியாக மறையூருக்குத் திரும்பியவர், போடியிலிருந்து மேடேறி மூணாற்றுக்கு வந்தவர், கம்பத்திலிருந்து குமுளிக்கு வந்தவர் ஆகியோரின் பைகளில் காய்கறிக்கும் மருந்துக்கும் இடையே ஒரு வார இதழோ பாக்கெட் நாவலோ இருந்தது. தேயிலைத் தோட்டத்து லயங்களில் அந்த ஒரு பிரதி பல கைகள் மாறியது; அட்டை கிழிந்த பின்னும் மாறியது. பாடநூலுக்கு வெளியே, தேர்வுக்காக அல்லாமல், அடுத்த பக்கத்தில் என்ன நடக்கிறது என்று அறியும் ஆவலுக்காகவே தமிழைப் படித்த முதல் அனுபவம் அங்குப் பலருக்கும் மர்மக் கதைகளின் வழியாகவே வாய்த்தது. வாளையாற்றுக்கு அப்பால் கோயம்புத்தூரிலிருந்து எழுதிய ராஜேஷ்குமாரின் விவேக்கும் ரூபலாவும், பட்டுக்கோட்டை பிரபாகரின் பரத்தும் சுசீலாவும், சுஜாதாவின் கணேஷும் வசந்தும் அவ்வீடுகளுக்குத் தமிழாசிரியர்களாகவும் இருந்தனர்.

அத்தகைய வாசகர் ‘கொலையுதிர் கால’த்தைத் திறந்தபோது எதை நம்பித் திறந்தார் என்பதே முதல் கேள்வி. கணேஷ் 1968-இல் ‘நைலான் கயிறு’ நாவலில் அறிமுகமான வழக்கறிஞர். சான்றுக்கு முன் தலைவணங்குபவர். வசந்த் அவருடைய உதவியாளர். வாய்த்துடுக்கும் குறும்பும் மிக்கவர். இவ்விருவரின் பெயரை அட்டையில் கண்ட வாசகர், குழப்பம் எவ்வளவு அடர்ந்தாலும் அறிவுக்குப் பொருந்தும் விடை ஒன்று உண்டு என்ற உறுதியோடுதான் உள்ளே நுழைந்தார். அமானுஷ்யத்தை வேண்டுவோர் இந்திரா சௌந்தர்ராஜனின் நாவல்களைத் திறக்கலாம். அங்கே வாசலிலேயே வேறோர் உடன்பாடு எழுதப்பட்டிருக்கும். கணேஷின் வாசலில் எழுதப்பட்டிருந்தது பகுத்தறிவு.

‘கொலையுதிர் காலம்’ அந்த உடன்பாட்டைச் சோதிக்கவே எழுதப்பட்டது. பெருஞ்சொத்து, அதற்கு உரிமையுடைய லீனா என்னும் இளம்பெண், குடும்பத்தைத் தொடரும் பழைய பேய்க்கதை, அதையொட்டி நிகழும் கொலை. கண்ணால் கண்டதை நம்பி வசந்த் பேயின் பக்கம் சாய்கிறார். கண்ணையே ஐயுற்றுக் கணேஷ் அறிவியலின் பக்கம் நிற்கிறார். வாசகர் இருவருக்கும் நடுவே அல்லாடுகிறார். இப்பகுதிகளில் சுஜாதாவின் கை உச்சத்தில் இருக்கிறது. குறுகிய வாக்கியங்கள், பாதியில் முறியும் உரையாடல், நகைச்சுவைக்கு அடுத்த வரியிலேயே அச்சம் என அவருடைய உரைநடை இருட்டை இருட்டாகவே உணரச் செய்கிறது. மலைச்சரிவில் மின்சாரம் இல்லாத ஓர் இரவில் மண்ணெண்ணெய் விளக்கொளியில் அதைப் படித்தவர் பின்கட்டுக்குத் தனியே போகத் தயங்கியிருந்தால் வியப்பில்லை.

பின்னர் விடை வருகிறது: ஹோலோகிராம். ஒளியால் அமைந்த முப்பரிமாண உருவம். ஆனாலும் விடை முழுமையாக மூடப்படுவதில்லை. பேய்க்கும் ஒரு கதவு திறந்தே விடப்படுகிறது. ஏமாற்றம் பிறக்கும் இடம் இது. அது இரு கூறுகளாக இருக்கிறது. இரண்டையும் பிரித்துப் பார்க்க வேண்டும்.

முதல் கூறு, விடையின் நேர்மை பற்றியது. இங்கிலாந்தின் கத்தோலிக்கப் பாதிரியாரும் துப்பறியும் கதாசிரியருமான ரொனால்ட் நாக்ஸ் 1929-இல் துப்பறியும் புனைவுக்குப் பத்து விதிகள் வகுத்தார். பாதி விளையாட்டாக எழுதப்பட்டவை அவை. எனினும் அவற்றுள் இரண்டு ‘கொலையுதிர் கால’த்துக்கென்றே எழுதப்பட்டவை போலத் தோன்றும். இயற்கை கடந்த ஆற்றல்களுக்குக் கதையில் இடமில்லை என்பது ஒன்று. முடிவில் நீண்ட அறிவியல் விளக்கம் தேவைப்படும் கருவி எதையும் பயன்படுத்தலாகாது என்பது மற்றொன்று. இரண்டாம் விதியின் காரணம் எளியது. விடையை ஊகிக்க வாசகருக்கு இல்லாத அறிவு தேவைப்படுமானால், அவர் தொடக்கத்திலிருந்தே ஆட்டத்துக்கு வெளியே நிறுத்தப்பட்டவர் ஆகிறார். முந்நூறு பக்கம் ஊகித்ததெல்லாம் வீண் என்று கடைசியில் அவருக்குத் தெரிவிக்கப்படுகிறது.

ஹோலோகிராஃபியின் அடிப்படையை டென்னிஸ் கேபர் 1940-களின் பிற்பகுதியில் கண்டறிந்தார். 1960-இல் லேசர் வந்த பிறகே அது நடைமுறைக்கு வந்தது. 1971-இல் கேபருக்கு இயற்பியல் நோபல் பரிசு கிடைத்தது. குமுதத்தில் தொடர் வந்த காலத்தில் தமிழ் வாசகருள் மிகச் சிலரே அச்சொல்லைக் கேட்டிருப்பர். அறியாததை அறியத் தந்தது சுஜாதாவின் தொண்டு; அதை மறுப்பதற்கில்லை. ஆனால் அறிவியலும் இங்கே முழுத் துணை நிற்கவில்லை. ஹோலோகிராம் என்பது பதிவுசெய்யப்பட்ட ஒரு தகட்டின் வழியாகவோ அத்தகட்டை நோக்கியோ பார்க்கும்போது தெரியும் உருவம். தகடு கண்ணுக்கு நேரே இல்லாத இடத்தில், வெறும் காற்றில், பார்ப்பவர் மனிதரென்றே நம்பும்படி நடமாடும் ஓர் உருவத்தை நிறுத்துவது அன்றைய தொழில்நுட்பத்துக்கு இயலாதது. பிற்காலத்தில் ‘ஏன்? எதற்கு? எப்படி?’ என்று ஒரு தலைமுறைக்கே அறிவியல் சொன்னவர், பாரத் எலெக்ட்ரானிக்ஸ் நிறுவனத்தின் பொறியாளர், தம் கதையில் அறிவியலுக்கு ஒரு மாயக் கம்பளத்தைக் கடன் கொடுத்தார். அறிவியல் என்ற பெயரில் வந்ததால் வாசகர் அதை ஏற்றார். பின்னாளில் உண்மையான ஹோலோகிராமைக் கண்டபோது இரண்டாம் முறையாகவும் ஏமாந்தார்.

ஒப்பிட்டுப் பார்க்க ஒரு நூல் கைக்கு எட்டும் தொலைவிலேயே உண்டு. ஆர்தர் கோனன் டாயிலின் ‘பாஸ்கர்வில்ஸ் வேட்டைநாய்’ 1901-02-இல் தொடராக வந்தது. அங்கும் சொத்து, அங்கும் குலத்தைத் தொடரும் சாபம், அங்கும் இருளில் ஒளிரும் உருவம். விடையாக வருவது உண்மையான நாயும் அதன்மேல் பூசிய ஒளிரும் பொருளும். அந்த விடைக்கு டாயில் முன்பே ஒரு சாவி தந்திருந்தார். விடுதியில் வாரிசின் புதிய காலணி ஒன்று காணாமற் போகிறது. பின் அது திரும்பி வந்து பழைய காலணி போகிறது. புதியது ஏன் பயன்படவில்லை? அதில் அணிந்தவரின் உடல் வாடை ஏறியிருக்காது. வாடை தேவைப்படுவது நாய்க்கு, பேய்க்கு அன்று. காலணியைப் பற்றிய அந்தப் பகுதியைப் படித்த எவரும் தம் சொந்த அறிவைக் கொண்டே அவ்விடையை எட்டியிருக்கலாம். எட்டாதவர் முடிவில் தம் நெற்றியில் அடித்துக்கொள்கிறார். ஆசிரியரைக் குறை சொல்வதில்லை. நல்ல மர்மக் கதை தரும் தோல்வி இத்தகையது. தோற்றவரே மகிழும் தோல்வி.

இரண்டாம் கூறு, திறந்து விடப்பட்ட கதவு பற்றியது. சுஜாதாவின் ஆதரவாளர்கள் இங்கே ஒரு வலுவான வாதத்தை முன்வைப்பதுண்டு. இந்நாவலின் பொருளே ஐயம்தான். அறிவியலா அமானுஷ்யமா என்ற கேள்வியைத் தீர்ப்பது அதன் நோக்கமன்று. வாசகரை இரண்டுக்கும் நடுவே நிறுத்துவதே நோக்கம் என்பர். இவ்வாதத்தைத் தள்ளிவிட இயலாது. ஹென்றி ஜேம்ஸின் ‘தி டர்ன் ஆஃப் தி ஸ்க்ரூ’ 1898 முதல் இன்றுவரை அவ்வாறே நிற்கிறது: அங்கே பேய் உண்டா, பராமரிக்க வந்த ஆசிரியையின் மனம் பிறழ்ந்ததா என்று எவராலும் தீர்ப்புச் சொல்ல இயலவில்லை. ஆனால் அந்த ஊசலாட்டம் நிலைப்பதற்குக் காரணம் இரு தட்டுகளிலும் சம எடை இருப்பது. ஒவ்வொரு காட்சியும் இரு வகையாகவும் படிக்க இடம் தருகிறது. ‘கொலையுதிர் கால’த்தில் பேயின் தட்டில் நாவல் முழுவதும் சேர்ந்த அச்சமும் அனுபவமும் கிடக்கின்றன, அறிவின் தட்டில் கடைசியில் வைக்கப்பட்ட ஒரு கருவி கிடக்கிறது. தட்டு சாய்கிறது. கணேஷை நம்பி வந்த வாசகர், கணேஷே எடை குறைந்து நிற்பதைக் காண்கிறார். அவருடைய வருத்தம், விடை கிடைக்கவில்லை என்பதைவிட, தாம் நம்பியவருக்குத் தகுந்த ஆயுதம் தரப்படவில்லை என்பதிலேயே இருக்கிறது.

இந்த இடத்தில் எல்லைப்புற வாசகருக்குத் தமிழகத்தின் உட்பகுதி வாசகரிடம் இல்லாத ஓர் உரைகல் உண்டு. அவர் மலையாள மர்மக் கதைகளையும் படித்தவர். கோட்டயம் புஷ்பநாத்தின் துப்பறிவாளர்கள் மார்க்ஸினும் புஷ்பராஜும் அவருக்கு அயலார் அல்லர். இரு மொழிகளிலும் ஒளிந்திருக்கும் கொலையாளியை அவர் துரத்தியிருக்கிறார். இரு மொழிகளும் கொலையாளியை ஒளிக்கும் முறை வேறுபடுவதையும், இலக்கணமாக அறியாவிடினும், பழக்கத்தால் அறிவார்.

மலையாள வினைமுற்றுக்குப் பால் காட்டும் விகுதி இல்லை. ‘வந்நு’ என்று எழுதினால் போதும். வந்தவர் ஆணா பெண்ணா என்று வினை சொல்லாது. எழுவாயையும் விட்டுவிட்டால் ஒரு பக்கம் முழுவதும் கொலையாளியை நடமாடவிட்டு ஒன்றும் வெளிப்படாமல் காக்கலாம். தமிழில் அது இயலாது. வந்தான், வந்தாள், வந்தார், வந்தது என ஒவ்வொரு வினைமுற்றும் ஒரு வாக்குமூலம். ஆதலால் தமிழ் மர்ம எழுத்தாளர்கள் அஃறிணைக்குள் அடைக்கலம் புகுந்தனர். ‘ஓர் உருவம் நகர்ந்தது’, ‘ஒரு கை கதவைத் தள்ளியது’, ‘ஒரு குரல் சிரித்தது’ என்ற தொடர்கள் இந்த நெருக்கடியில் பிறந்தவை. உருவம், நிழல், கை, குரல் ஆகியவை தமிழ் மர்ம நாவலின் முகமூடிகள். பழகிய வாசகர் ‘உருவம்’ என்ற சொல்லைக் கண்டவுடனேயே இங்கு ஏதோ மறைக்கப்படுகிறது என்று விழித்துக்கொள்கிறார்.

இம்முகமூடிக்கு ஒரு தனிச்சிறப்பு உண்டு. ‘உருவம் வந்தது’ என்பது மறைந்து வரும் மனிதருக்கும் பொருந்தும், பேய்க்கும் பொருந்தும். அஃதாவது, பேயா மனிதரா என்னும் ஊசலாட்டத்தைக் கடைசிவரை நேர்மையாகக் காப்பதற்கான கருவி தமிழின் வினைமுற்றிலேயே இருக்கிறது. பொய் சொல்லாமல், எதையும் புகுத்தாமல், இரு பொருளையும் ஒரே வாக்கியத்தில் உயிரோடு வைத்திருக்கலாம். சொல்லின்மேல் அத்தனை ஆளுமை கொண்ட ஓர் ஆசிரியரிடம் வாசகர் எதிர்பார்த்தது அத்தகைய ஒன்றை. மொழியே செய்யக்கூடியதை ஓர் இயந்திரத்திடம் ஒப்படைத்தது, அவரை நன்கு அறிந்த வாசகருக்குக் குறையாகத் தோன்றியதில் நியாயம் இருக்கிறது.

‘இது பொழுதுபோக்கு எழுத்துத்தானே, இதற்கு இவ்வளவு ஆய்வு எதற்கு?’ என்று கேட்போர் இருப்பர். தமிழில் துப்பறியும் கதையின் வரலாறு 1894-இல் பண்டித நடேச சாஸ்திரியின் ‘தானவ’னிலிருந்து தொடங்குகிறது, மலையாளத்தில் அப்பன் தம்புரானின் ‘பாஸ்கரமேனோன்’ 1905-இல் நூலானது. ஆரணி குப்புசாமி முதலியார், வடுவூர் துரைசாமி ஐயங்கார், ஜே. ஆர். ரங்கராஜு, தமிழ்வாணன் என்று நீளும் இவ்வரிசை தமிழில் எழுத்தறிவு பரவிய வரலாற்றோடு இணைந்தது. நூற்றாண்டைக் கடந்த ஒரு வகைமைக்கு அதற்கே உரிய அளவுகோல் இருக்க வேண்டும். அந்த அளவுகோலைத் திறனாய்வாளர்கள் உருவாக்கவில்லை, வாசகர்கள் உருவாக்கினர். முடிவைப் படித்தபின் முதல் பக்கத்துக்குத் திரும்பிப் பார்ப்பதே அது. அகதா கிறிஸ்டியின் ‘ரோஜர் அக்ராய்ட் கொலை’ 1926-இல் வெளிவந்தபோது, ஆசிரியை ஏமாற்றிவிட்டார் என்று குமுறியோர் உண்டு. ஆனால் திரும்பிப் படித்தவர்கள் ஒவ்வொரு வரியும் உண்மையே சொல்லியிருப்பதைக் கண்டனர். அந்நூல் இன்றும் நிற்கிறது. மறுவாசிப்பில் ‘கொலையுதிர் கால’மும் நிற்கிறது, ஆனால் உரையாடலாலும் அச்சத்தாலும் நிற்கிறது, விடையால் நிற்கவில்லை. இந்த வேறுபாட்டைச் சொல்லத் தெரிந்த வாசகரை எளியவர் என்று கருதுவது அவரை மட்டுமன்றி, அவரை உருவாக்கிய எழுத்தாளரையும் தாழ்த்துவதாகும்.

எல்லைப்புறத்தில் இந்த ஏமாற்றத்தின் விலை வேறு. சென்னையில் ஒரு சுஜாதா நாவலில் ஏமாந்தவர் அடுத்த கடைக்குச் சென்று இன்னொரு தமிழ் நூலை எடுப்பார். வட்டவடையிலோ வண்டிப்பெரியாற்றிலோ ஏமாந்தவருக்கு அடுத்த தமிழ் நூல் அடுத்த பேருந்தில்தான் வரும். மலையாள நூலோ அருகிலேயே இருக்கும். கேரளத்தின் நூலக இயக்கம் பி. என். பணிக்கரின் உழைப்பால் 1945 முதல் ஊர்தோறும் வேர்விட்டது, அது பெருமைக்குரியது, அதன் முதன்மொழி மலையாளம் என்பதும் இயல்பே. கடந்த சில ஆண்டுகளில் லாஜோ ஜோஸ் போன்றோரின் குற்றப் புனைவுகளால் மலையாளத்தில் இவ்வகைமை புத்துயிர் பெற்றிருக்கிறது. மர்மத்தை விரும்பும் இளைய வாசகர் அங்குச் செல்வதில் தவறில்லை. இருமொழி வாசிப்பு அவருடைய செல்வம். ஆனால் தமிழ் எழுத்தைக் கூட்டிப் படிக்கவே இயலாத நிலையில், பேச்சில் மட்டும் தமிழை வைத்துக்கொண்டு அவர் செல்வாரானால், அது தேர்வு அன்று, இழப்பு. மலையாள வழியிலோ ஆங்கில வழியிலோ பயிலும் பிள்ளைகள் பெருகிவரும் தமிழ்க் குடும்பங்களில் அவ்விழப்பு கண்ணெதிரே நிகழ்கிறது. பாடநூல் பயிற்றும், ஆனால் இரவு பதினொரு மணிக்கு விளக்கை அணைக்க மனமில்லாமல் ஒரு பிள்ளையைத் தமிழில் பிடித்து வைக்கும் ஆற்றல் பாடநூலுக்கு இல்லை. அந்த ஆற்றல் இருந்த எழுத்து எது என்று அவர்களுடைய பாட்டனும் தாயும் அறிவர்.

ஆகவே செய்யத்தக்கவை இரண்டு. எல்லைப்புற ஊர் நூலகங்களின் தமிழ் அடுக்கில் இலக்கணத்துக்கும் காப்பியத்துக்கும் அருகில் மர்ம நாவலுக்கும் இடம் தர வேண்டும். பாக்கெட் நாவல் என்று ஒதுக்கலாகாது. அடுத்து, அவற்றைப் படித்து ஏமாந்தவர்களின் குரலைத் தமிழ்த் திறனாய்வு கேட்க வேண்டும். ‘பிடித்திருந்தது, ஆனால் முடிவு சரியில்லை’ என்று ஒரு தோட்டத் தொழிலாளியின் மகள் சொல்லும்போது, அவள் சான்று, ஊகம், நம்பகம், முடிவு ஆகியவற்றைத் தமிழிலேயே எடைபோட்டிருக்கிறாள். ஏன் சரியில்லை என்று அவளிடம் மேலும் கேட்பதே ஒரு திறனாய்வு வகுப்பின் தொடக்கம்.

சுஜாதா 2008 பிப்ரவரி 27-ஆம் நாள் மறைந்தார். ‘கொலையுதிர் காலம்’ இன்னும் விற்பனையாகிறது, இன்னும் ஏமாற்றுகிறது. ஏமாந்த வாசகர் புத்தகத்தை மூடி, சிறிது நேரம் சினந்திருந்து, பின் அதே ஆசிரியரின் அடுத்த நூலைத் தேடிப் பொள்ளாச்சிப் பேருந்தில் ஏறுகிறார். நாற்பதாண்டுகளாக அவர் அவ்வாறே ஏறியிருக்கிறார். அடுத்த முறையும் அவர் ஏற வேண்டுமானால், அவருடைய சினத்துக்கு மதிப்பளிக்கும் எழுத்தும் திறனாய்வும் தமிழில் இருந்தாக வேண்டும்.